இப்ப தெரியுதா?

பத்திரிகையில் வேலை பார்ப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்று சொந்தக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியல் மாறிவிட்டதா, மோட்டார் தண்ணி எடுக்கவில்லையா, பேத்திக்கு எந்தக் குரூப் எடுக்கலாம், எல்லாவற்றுக்கும் எனக்குத்தான் போன். நான் படித்தது பி.காம். வரவு எது, செலவு எது என்று இரண்டு பக்கமாகப் பிரித்து எழுதத் தெரியும். அதிலும் மூன்றாம் வருடம் காஸ்ட் அக்கவுன்டிங் இரண்டாவது அட்டெம்ப்டில்தான் பாஸ். இதைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்?

2022 டிசம்பரில் ஒரு ராத்திரி சிங்கப்பூரிலிருந்து சித்தி வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார்.

"தம்பி, டி.வி.ல படம் கட்டம் கட்டமா உடையுது. சத்தம் விக்கல் எடுக்கிற மாதிரி விட்டு விட்டு வருது. நியூஸ் வாசிக்கிற பொண்ணு 'அமைச்சர்'ங்குறா. அப்புறம் வாய் மட்டும் அசையுது. அப்புறம் 'தெரிவித்தார்'ங்குறா. என்னத்தைத் தெரிவிச்சார்னே தெரியலடா."

சித்தி யீஷூனில் மூவறை வீட்டில் தனியாக இருக்கிறார். வீவக வீடு. நம்ம ஊர் ஹவுசிங் போர்டு மாதிரி; ஆனால் லிஃப்ட் வேலை செய்யும். சித்தப்பா அங்கே கப்பல் பட்டறையில் இருந்தவர், 2015-ல் தவறிவிட்டார். ஒரே பையனுக்குக் கல்யாணமாகி, பொங்கோலில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வருவான், சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவான். மற்ற ஆறு நாளும் சித்திக்குப் பேச்சுத்துணை வசந்தம் டி.வி.தான். செய்தி, நாடகம், சமையல், எது வந்தாலும் பார்ப்பார். பார்ப்பார் என்பதைவிட, வீட்டில் ஒரு தமிழ்க் குரல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் அவருக்கு.

காசு கட்டிப் பார்க்கிற கனெக்‌ஷன் எதுவும் கிடையாது. ஆன்டெனாதான். சிங்கப்பூரில் போய் ஆன்டெனாவா என்று நானும் ஆச்சரியப்பட்டிருக்கிறேன். நமக்கு ஆன்டெனா என்றால் மொட்டை மாடியில் காக்கா உட்காரும் அலுமினியக் கம்பி. கேபிள்காரர் வந்ததும் துணி காயப் போட மாறியது. அங்கே அது புது அவதாரம் எடுத்திருக்கிறது. ஜன்னல் ஓரத்தில் வைக்கிற ஒரு சின்னத் தட்டு. அதிலிருந்து ஒரு ஒயர் செட் டாப் பாக்ஸுக்கோ, டி.வி.க்கே நேராகவோ போகும். காற்றில் வருவது டிஜிட்டல் சிக்னல். டிவிபி-டி2 என்று அந்த முறைக்குப் பெயர். பழைய அனலாக் ஒளிபரப்பை 2017 கடைசியில் நிறுத்துவதாக இருந்து, ஜனங்கள் தயாராகட்டும் என்று ஒரு வருடம் தள்ளிப்போட்டு, 2018 டிசம்பர் 31-ஆம் தேதி நள்ளிரவோடு மூடினார்கள். பே டி.வி. இல்லாத வீவக குடும்பங்களுக்குப் பெட்டியும் ஆன்டெனாவும் வாங்கிக்கொள்ள அரசாங்கமே 100 வெள்ளி வவுச்சர் கொடுத்தது. சித்தி வீட்டுப் பெட்டி அந்த வவுச்சரில் வந்ததுதான்.

நம்ம ஊரிலும் இது இருக்கிறது என்றால் நம்புவீர்களா? 2016-ல் தூர்தர்ஷன் சென்னை உள்பட 16 நகரங்களில் இதே முறையில் ஒளிபரப்பு ஆரம்பித்தது. பார்த்தவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. நிற்க.

சித்திக்கு நான் போனிலேயே வைத்தியம் சொன்னேன். எல்லா வீட்டு அறிவாளிகளும் சொல்வதுதான். "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சித்தி." பண்ணினார். "பின்னாடி ஒயரை அழுத்திச் சொருகுங்க." சொருகினார். படம் இன்னும் உடைந்துகொண்டே இருந்தது. அப்போதுதான் அந்த மகா யோசனையைச் சொன்னேன். "மெனுவுக்குப் போய் சேனல் ரீஸ்கேன் கொடுங்க. எல்லாம் புதுசா வந்துடும்."

கொடுத்தார். பெட்டி இருந்த சேனல்களையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகத் தேட ஆரம்பித்தது. சிக்னல் ஒழுங்காக இல்லாத நேரத்தில் தேடினால் என்ன கிடைக்கும்? இரண்டே சேனல் கிடைத்தது. இரண்டிலும் தமிழ் இல்லை.

இதை மட்டும் எங்கேயாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். படம் உடைந்துகொண்டிருக்கும்போது ரீஸ்கேன் கொடுக்காதீர்கள். வீட்டில் திருடன் இருக்கும்போது சாமானைக் கணக்கெடுக்கிற மாதிரி அது. இருந்ததும் போகும். முதலில் சிக்னலைச் சரி பண்ண வேண்டும். சேனல் தேடுவது அதற்கப்புறம்.

அன்றைக்குப் புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமை மகன் வருகிறவரை நாலு நாள் சித்தி வீட்டில் வசந்தம் இல்லை. "பரவால்ல தம்பி, ரேடியோல ஒலி 96.8 இருக்கு" என்றார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

ஞாயிறு மத்தியானம் தம்பி வந்தான், ரீஸ்கேன் கொடுத்தான், எல்லாச் சேனலும் பளிச்சென்று வந்துவிட்டன. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். ஒரு கட்டம் உடையவில்லை, ஒரு சொல் விடுபடவில்லை. திங்கள் ராத்திரி சித்தி மறுபடி போன். "உடையுதுடா." கடைக்காரரிடம் சொல்லி ஒரு டெக்னீஷியனை வரவழைத்தார்கள். அவர் செவ்வாய் காலை பத்து மணிக்கு வந்து பார்த்துவிட்டு, "சிக்னல் வெரி குட், ஆன்டி" என்று கட்டை விரலைக் காட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு ராத்திரி சரியாக ஏழு மணிக்கு விக்கல்.

தம்பி ஆன்டெனாவை மாற்றினான். பூஸ்டர் வைத்த ஆன்டெனா, அதிக விலை. இன்னும் மோசமானது. பையனுக்கு அலுப்பு வந்துவிட்டது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணே, டி.வி.ல ஒண்ணும் இல்லண்ணே. நான் பாக்கும்போதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அம்மாதான்..." என்று நிறுத்தினான். பிறகு மெதுவாக, "பாலிகிளினிக்ல ஒரு அப்பாயின்ட்மென்ட் போட்டிருக்கேன். ஞாபக மறதிக்கு ஏதோ டெஸ்ட் எடுப்பாங்களாம். அப்பா போனதுலேருந்தே ஒரு மாதிரிதான் இருக்காங்க. ஒரு தடவை காமாட்சி விளக்கை ஏத்தி வெச்சுட்டு அப்படியே கீழ மார்க்கெட்டுக்குப் போயிட்டாங்க. எனக்குப் பயமா இருக்கு."

அவனையும் குறை சொல்ல முடியாது. தனியாக இருக்கிற அம்மா, இல்லாத ஒரு கோளாறைத் தினமும் இருக்கிறது என்றால் எந்த மகனுக்கும் அடிவயிற்றைப் பிசையத்தான் செய்யும்.

எனக்கு மட்டும் இடித்தது. காரணம், டி.வி. விஷயத்தில் சித்தியின் வார்த்தையை நம்பித்தான் எங்கள் குடும்பமே ஒரு காலத்தில் படம் பார்த்தது.

வேதாரண்யத்தில் எங்கள் வீட்டுக்கு டி.வி. வந்தபோது நான் பால்வாடி. தூர்தர்ஷன் எங்களுக்குத் தூரத்திலிருந்துதான் தரிசனம் தரும். புள்ளி புள்ளியாக, பனியில் நிற்கிற மாதிரி. ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை. 1982-ல் ஆரம்பித்த ரூபவாஹினியின் டவர் பீதுருதாலகால மலை உச்சியில் இருந்தது. இலங்கையிலேயே உயரமான மலை, 2,524 மீட்டர். நடுவில் மறைக்க எங்களுக்கு மலையா மாடியா? காற்று நன்றாக இருக்கிற நாளில் சிங்களச் செய்தி கண்ணாடி மாதிரி தெரியும். பாஷை புரியாவிட்டாலும் பார்ப்போம். இரண்டு ஸ்டேஷனுக்கும் ஒரே ஆன்டெனா. ஆகவே வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' என்றால் கம்பத்தைத் திருப்ப வேண்டும்.

திருப்புவது ஒரு கூட்டு முயற்சி. மொட்டை மாடியில் சித்தப்பா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு. கூடத்தில் டி.வி. முன்னால் தாத்தா. நடுவில், முற்றத்தில், இரண்டு பேருக்கும் குரல் கேட்கிற இடத்தில் சித்தி. தாத்தா சொல்வதை மாடிக்கும், சித்தப்பா கேட்பதைக் கூடத்துக்கும் கடத்துவது அவர் வேலை.

"இப்ப தெரியுதா?"

"தெரியுது, ஆனா ஒரு ஆளு ரெண்டு ஆளா தெரியுறாங்களாம்!"

"இப்ப?"

"போச்சு போச்சு, பழைய எடத்துக்கே வாங்க!"

தாத்தாவுக்குப் பொறுமை கிடையாது, எது வந்தாலும் "போதும்" என்பார். சித்தி விடமாட்டார். ஜன்னல் வழியாகத் தானே எட்டிப் பார்ப்பார். "மாமா போதுங்குறாரு, ஆனா இன்னும் கொஞ்சம் கோடு இருக்கு, லேசா தெக்கால தள்ளுங்க." சித்தப்பா தாத்தா பேச்சை விட்டுவிட்டுச் சித்தி பேச்சைத்தான் கேட்பார். படம் சரியாக வந்துவிடும்.

அந்தக் காலத்து அனலாக் கோளாறுக்கு ஒரு நாணயம் இருந்தது. சிக்னல் குறையக் குறையப் புள்ளி கூடும். எதிரே பெரிய கட்டடம் வந்தால் ஒரு ஆள் இரண்டு ஆளாவார். பக்கத்து வீட்டில் மிக்ஸி போட்டால் படத்தில் கோடு ஓடும். மிக்ஸி நின்றதும் கோடும் நிற்கும். அவர்கள் வீட்டில் இன்றைக்குச் சட்னியா என்பதுகூடத் தெரிந்துவிடும். எவ்வளவு மோசம் என்பதைப் படமே சொல்லும். வந்தவர் எல்லோரும் அதைப் பார்க்கலாம்.

டிஜிட்டல் அப்படியில்லை. படத்தையும் ஒலியையும் எண்களாக்கி, சுருக்கி, கூடவே பிழை திருத்துவதற்கென்று சில உபரி எண்களையும் சேர்த்து அனுப்புகிறார்கள். வழியில் சில எண்கள் அடிபட்டால் பெட்டி அந்த உபரிகளை வைத்துச் சரியான எண்ணைக் கண்டுபிடித்துவிடும். படம் முழுசாகத் தெரியும், அடிபட்டதே வெளியில் தெரியாது. ஆனால் எத்தனை பிழை வரை தாங்கலாம் என்று ஒரு எல்லை இருக்கிறது. அதைத் தாண்டி ஒரே ஒரு படி போனாலும் மொத்தமாகக் கவிழும். எங்கள் பாஷையில் சொன்னால் டிரயல் பேலன்ஸ் மாதிரி. ஒன்றிரண்டு தப்பு என்றால் கணக்குப்பிள்ளை ராத்திரியோடு ராத்திரியாகத் தேடித் திருத்திவிடுவார், முதலாளிக்கே தெரியாது. தப்பு நூறைத் தாண்டினால் எல்லாவற்றையும் தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போட வேண்டியதுதான்.

அப்படிக் கவிழும்போது படத்துக்காவது ஒரு சமாளிப்பு உண்டு. முந்தின காட்சியையே பிடித்து வைத்துக்கொண்டு பெட்டி ஒப்பேற்றும். ஒலிக்கு அது முடியாது. முந்தின 'அமைச்சர்' என்பதையே திரும்பத் திரும்ப ஒலிக்க விட முடியுமா? அதனால் வாயை மூடிக்கொள்ளும். கண் ஒரு நொடி மன்னிக்கும், காது மன்னிக்காது. சித்தி படத்தைவிடச் சத்தத்துக்கே அதிகம் வருத்தப்பட்டதற்கு இதுதான் காரணம்.

எல்லைக்கு ஒரு படி மேலே இருந்தால் கண்ணாடி, ஒரு படி கீழே போனால் கந்தல், நடுவில் எதுவும் இல்லை. அதனால்தான் பகலில் பார்த்த மகனும் டெக்னீஷியனும் சொன்னதும் உண்மை. ராத்திரியில் பார்த்த சித்தி சொன்னதும் உண்மை. பார்த்தவர்கள் இரண்டு பேர், சித்தி ஒருத்தர். மெஜாரிட்டி ஜெயித்துவிட்டது.

2023 மார்ச்சில் ஒரு வேலையாக சிங்கப்பூர் போக வேண்டியிருந்தது. ஓட்டலில் ரூம் போட்டிருந்தார்கள். பெட்டியை அங்கே வைத்துவிட்டு நேராக யீஷூன் போனேன். சித்தி கதவைத் திறந்ததும் எப்படி இருக்கே என்றுகூடக் கேட்கவில்லை.

"நீயாவது நம்புறியாடா?"

உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்துவந்தார். நாற்பது பக்க நோட்டு, பேரன் பள்ளிக்கூடத்தில் பாதி எழுதி விட்டுவிட்டது. பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்து சித்தி எழுதியிருந்தார். தேதி, கிழமை, மணி, என்ன ஆச்சு. '6.40 – படம் உடைஞ்சது.' '7.15 – சத்தம் மூணு தடவை போச்சு.' '9.35 – சரியாயிடுச்சு.' மூன்று மாசத்துக் கணக்கு. கையெழுத்து கொஞ்சம் நடுங்கியிருந்ததே தவிர ஒரு நாள் விடவில்லை.

"அவன் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறானாம். எனக்குப் புத்தி பெசகிப் போச்சான்னு பாக்க. போறேன். இந்த நோட்டையும் எடுத்துட்டுத்தான் போவேன்."

மறதிக்காரர் எழுதுகிற நோட்டா அது? கல்லூரியில் எங்களுக்குக் கணக்குப் பதிவியல் எடுத்த ஆசிரியர் பார்த்திருந்தால் அந்த நோட்டுக்கு முழு மார்க் போட்டிருப்பார்.

பி.காம். படித்தவனுக்கு ஒரு வித்தை தெரியும். பேங்க் ரீகன்சிலியேஷன். பாஸ் புக்கில் ஒரு தொகை, நம் கேஷ் புக்கில் ஒரு தொகை, இரண்டுமே சரி. வித்தியாசம் மட்டும் எங்கே என்று தேட வேண்டும். தரையில் உட்கார்ந்து, ஒரு தாளில் கிழமைவாரியாகக் கோடு போட்டு, சித்தியின் குறிப்புகளை மாற்றி எழுதினேன். சித்தி காபி போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

தினமும் கோளாறு ஆரம்பிப்பது ஆறரைக்கு முன்னே பின்னே. முடிவது ஒன்பதரை, பத்து. பகலில் ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் காலையிலும் இருக்கிறது, அதுவும் பலமாக. செவ்வாய் சாயங்காலமும் கொஞ்சம் கூடுதல். ஆரம்பித்தது அக்டோபர் கடைசி வாரத்தில்.

மழையாக இருக்குமோ? நம்ம ஊர் டி.டி.எச். குடைக்கு மழை ஆகாது; இந்த ஆன்டெனா சிக்னலை மழை அவ்வளவாகத் தொடாது. அதுவும் வெள்ளிக்கிழமை பார்த்தா மழை பெய்யும்? விமானமாக இருக்குமோ? தாழப் பறக்கிற விமானத்தில் பட்டுத் திரும்புகிற சிக்னல் ஆன்டெனா படத்தைக் குழப்பும். ஆனால் விமானம் ஒரு நிமிஷத்தில் போய்விடும், மூன்று மணி நேரம் ஜன்னலுக்கு வெளியே நிற்காது. பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்தின் மீது ஒரு சந்தேகம் போனது. சித்தி அடித்துச் சொன்னார்: "அவுங்க போன மாசம் பூரா ஊர்லயே இல்ல. அப்பவும் ஒடைஞ்சுது, நோட்டுல பாரு."

செவ்வாய், வெள்ளி. விளக்கு வைக்கிற நேரம். தமிழ்நாட்டில் பிறந்த எவனுக்கும் இது மூன்று நிமிஷத்தில் விளங்கியிருக்க வேண்டும். எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் மணி ஆறு இருபது. சித்தி, "இருடா வந்துடறேன்" என்று முகம் கழுவி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, டி.வி.க்குப் பக்கத்து அலமாரியில் இருந்த சாமி மாடத்துக்குப் போய் ஒரு ஸ்விட்சைப் போட்டார். எல்.ஈ.டி. அகல் விளக்கு. நிஜச் சுடர் மாதிரியே ஆடியது. அலமாரியின் மேல் தட்டில், விளக்கிலிருந்து முக்கால் அடியில், டி.வி. ஆன்டெனா.

வசந்தத்தில் ஏதோ விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. சோப்பு போட்டுக் குளித்த குழந்தை நாலைந்து சதுரங்களாகச் சிதறியது.

"பாத்தியா, பாத்தியா!" என்றார் சித்தி. அவ்வளவு சந்தோஷமாக ஒருவர் கோளாறைப் பார்த்து நான் பார்த்ததில்லை.

ரிமோட்டில் சிக்னல் தகவல் காட்டுகிற இடத்துக்குப் போனேன். இரண்டு பட்டை இருக்கும். ஒன்று ஸ்ட்ரெங்த், இன்னொன்று குவாலிட்டி. எல்லோரும் முதலாவதைத்தான் பார்ப்பார்கள். டெக்னீஷியனும் அதைப் பார்த்துவிட்டுத்தான் கட்டை விரலைக் காட்டியிருப்பார். ஸ்ட்ரெங்த் என்பது வருகிற இரைச்சலையும் சேர்த்துக் காட்டுகிற அளவு. சந்தையில் நின்றுகொண்டு 'நல்லா சத்தம் கேட்குது' என்கிற மாதிரி. நமக்கு வேண்டியவர் பேச்சு கேட்கிறதா என்பதைச் சொல்வது குவாலிட்டி. விளக்கு எரியும்போது ஸ்ட்ரெங்த் அசையவில்லை. குவாலிட்டி பாதிக்கும் கீழே விழுந்து துடித்துக்கொண்டிருந்தது. விளக்கை அணைத்தேன். தொண்ணூறு. போட்டேன். விழுந்தது. அணைத்தேன். எழுந்தது.

விளக்கில் தப்பில்லை. அதற்கு மின்சாரம் கொடுக்கிற குட்டி அடாப்டரில்தான். 230 வோல்ட்டைச் சில வோல்ட்டாகக் குறைக்க அது நொடிக்குப் பல்லாயிரம் தடவை மின்சாரத்தை வெட்டி ஒட்டுகிறது. அப்படி வெட்டும்போது ரேடியோ அலையாக ஒரு இரைச்சல் கிளம்பும். ஒழுங்கான அடாப்டரில் அதை வெளியே விடாமல் தடுக்க வடிகட்டி இருக்கும். மலிவு அடாப்டரில் நாலு காசு மிச்சம் பிடிக்க முதலில் விட்டுவிடுவது அந்த வடிகட்டியைத்தான். பத்தடி தள்ளி இருந்தால் பாதகமில்லை. முக்கால் அடியில் இருந்தால் ஆன்டெனாவின் காதிலேயே பறை அடிக்கிற மாதிரி. பூஸ்டர் ஆன்டெனா வைத்தபோது ஏன் மோசமானது என்பதும் புரிந்தது. பூஸ்டருக்கு நியூஸும் ஒன்றுதான், இரைச்சலும் ஒன்றுதான். இரண்டையும் சேர்த்துப் பெருக்கும். வெள்ளிக்கிழமை அம்மன் படத்தைச் சுற்றிச் சீரியல் செட்டும் போடுவாராம், காலையிலிருந்தே. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மட்டும்.

"இந்த விளக்கு எப்ப வாங்குனது சித்தி?"

"தீவாளிக்கு. தேக்காவுலேருந்து அவன்தான் வாங்கியாந்தான். எண்ணெய் வெளக்கு வேணாம்மா, நீ மறந்துட்டுப் போயிடுவே, வீடு பத்திக்கும்னு."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சித்தி சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வருகிறவரைக்கும் சிரித்தார்.

தம்பிக்கு வீடியோ கால் போட்டேன். போனை டி.வி.க்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். சித்தி மாடத்துக்குப் பக்கத்தில் ஸ்விட்சில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"இப்ப தெரியுதாடா?" என்று அங்கிருந்தே கத்தினார். "இப்ப? ... இப்ப?"

நாலைந்து தடவை போட்டு அணைத்தார். தம்பி முதலில் சிரித்தான், அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டான். "சாரிம்மா" என்றான். கொஞ்சம் விட்டு, "அந்த வெளக்கைத் தூக்கிக் கடாசிடும்மா" என்றான்.

"வெளக்கை எதுக்குடா கடாசணும்? நீ ஆசையா வாங்கியாந்தது. ஆன்டெனாவை நகத்து."

மறுநாள் கீழே கடையில் ஐந்து மீட்டர் ஒயர் வாங்கி, பூஸ்டர் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, பழைய சாதா ஆன்டெனாவையே கூடத்தின் எதிர்ப்பக்க ஜன்னலில் வைத்தேன். முதலில் இரும்புக் கம்பிக்குப் பக்கத்தில் வைத்ததில் சரியாக வரவில்லை. ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் உயர்த்தி வைத்ததும் வந்துவிட்டது. ஒயர் முனையைத் திருகும்போது ஒரு விஷயம் கவனித்தேன். பழைய ஒயரில், வெளிச்சுற்றுக் கம்பி ஒன்று பிரிந்து நடுக்கம்பியைத் தொடுகிற மாதிரி நின்றது. அதுவும் தன் பங்குக்குக் கொஞ்சம் சிக்னலைத் தின்றிருக்கும். ஒரு கோளாறுக்கு ஒரு காரணம்தான் இருக்க வேண்டும் என்று சட்டமா என்ன?

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. சித்தி வேண்டுமென்றே விளக்கு, சீரியல் செட்டு எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். செய்தியில் அமைச்சர் தெரிவித்ததை முதலிலிருந்து கடைசி வரை கேட்டோம். சாலைப் பராமரிப்பு பற்றி ஏதோ. அவ்வளவு சுவாரஸ்யமாக இல்லை.

பாலிகிளினிக் அப்பாயின்ட்மென்ட்டை ரத்து பண்ணிவிடலாம் என்றான் தம்பி. சித்தி ஒப்புக்கொள்ளவில்லை. போட்டதுக்குப் போய்விட்டு வந்துவிடுவோம் என்று பிடிவாதமாகப் போனார், நோட்டோடு. இந்த வயதுக்கு எல்லாம் நன்றாகவே இருக்கிறது, காது மட்டும் இடது பக்கம் லேசாக மந்தம் என்று சொல்லி அனுப்பினார்களாம். காது விஷயத்தை சித்தி என்னிடம் சொல்லவில்லை. தம்பிதான் சொன்னான்.

அதற்காகவே ஒரு மாசம் கழித்து டி.வி.க்கு அடியில் வைக்கிற நீளமான ஸ்பீக்கர் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறான். சத்தம் கூட்டாமலே பேச்சு தெளிவாகக் கேட்குமாம். நான் சென்னைக்குத் திரும்பி, அதையெல்லாம் மறந்திருந்த ஒரு ராத்திரி, சித்தி போன்.

"தம்பி, இப்ப படம் நல்லாருக்கு. சத்தமும் நல்லாருக்கு. ஆனா ரெண்டும் சேர மாட்டேங்குது. வாய் மொதல்ல அசையுது, பேச்சு அப்புறம் வருது. அவன் பாத்துட்டு ஒண்ணும் தெரியலைங்குறான்."

டி.வி.யிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகிற ஒலி வழியில் ஒரு தடவை பிரிக்கப்பட்டு மறுபடி கட்டப்படும்போது சில நூறில் ஒரு பங்கு நொடி தாமதமாகும். சிலருக்கு அது தெரியாது. சிலருக்குத் தெரிந்துவிட்டால் அப்புறம் வேறு எதுவுமே கண்ணில் படாது. மெனுவில் அதைச் சரிக்கட்ட ஒரு இடம் உண்டு.

"எல்லாச் சேனல்லயுமா சித்தி, வசந்தத்துல மட்டுமா? எந்த நேரத்துல?" என்று கேட்டேன்.

"இரு, நோட்டை எடுத்துட்டு வர்றேன்" என்றார்.